அக்டோபர் வெயிலில் மொட்டைமாடி ஆன்டெனா: 40 மீட்டருக்கு ஒரு இன்வர்ட்டட் வி

உலகெங்குமுள்ள அமெச்சூர் (ஹாம்) ரேடியோக்காரர்கள் ஒருவரையொருவர் தொடர்புகொண்டு பாயின்ட் சேர்க்கும் சி.க்யூ. வேர்ல்டு வைடு போட்டியின் குரல்வழிப் பிரிவு அக்டோபரின் கடைசி முழு சனி, ஞாயிறில் வரும். நமக்கு சனி காலை 5.30க்குத் தொடங்கி 48 மணி நேரம். மும்பையில் மழை ஓய்ந்த கையோடு வெயில் 35 டிகிரியைத் தாண்டுவதும் அந்த மாதத்தில்தான். போட்டிக்காக மாடியில் நிறுத்தப்போவது இன்வர்ட்டட் வி, அதாவது நடுவில் உயர்ந்து இரு ஒயர்க் கைகளும் சரிந்து இறங்கும் தலைகீழ் 'V' வடிவ ஆன்டெனா. 40 மீட்டர் என்பது அதன் நீளமல்ல, 7 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைப் பட்டையின் பெயர். ஆன்டெனாவுக்கான கணக்கு நாலு வரிதான், மற்றதெல்லாம் வெயிலுக்கும் உப்புக்காற்றுக்கும் செய்யும் ஏற்பாடு.

ஹாம் உரிமமும் கால்சைனும் (நிலையத்தின் அடையாளப் பெயர்) கையில் இருக்கின்றன, சொசைட்டி செயலாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்கியாயிற்று என்று வைத்துக்கொள்கிறேன். இரண்டாவதுதான் கஷ்டம்.

வாங்க வேண்டியவை

ஒயருக்கும் பைப்புக்கும் மும்பையின் லோகார் சால், ஆன்டெனாவை ரேடியோவோடு இணைக்கும் கோயாக்ஸ் கேபிளுக்கும் கனெக்டருக்கும் லேமிங்டன் ரோடு. 6 மீட்டர் ஜி.ஐ. பைப் ஒன்று, முறுக்கிய செம்பு ஒயர் 22 மீட்டர், இன்சுலேட்டர் மூன்று, ஒரு கப்பி, வெயில் தாங்கும் பாலியஸ்டர் கயிறு. செலவை எங்கேயாவது குறைக்க நினைத்தால் கயிற்றில் மட்டும் வேண்டாம். மலிவான பாலிப்ரொப்பிலீன் கயிறு வெயிலில் நாளடைவில் பொடிந்துபோகும். பி.வி.சி. பைப்பைக் கம்பமாக நிறுத்தவும் வேண்டாம், சூட்டில் இளகி வளையும்.

ஒயரை வெட்டுதல்

143ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மொத்த நீளம் மீட்டரில் கிடைக்கும். 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு 20.14 மீட்டர், அதாவது கைக்குப் பத்து மீட்டர் சொச்சம். ஆனால் 10.5 மீட்டராகவே வெட்டுங்கள். கூடுதலைக் குறைக்கலாம், குறைந்ததை ஒட்டுவது தலைவலி.

இரண்டு கைகளையும் நடு இன்சுலேட்டரில் கட்டி, கோயாக்ஸின் நடுக்கம்பியை ஒன்றிலும் வலையை இன்னொன்றிலும் சால்டர் செய்யுங்கள். அதற்குச் சற்றுக் கீழே, 110 மி.மீ. பி.வி.சி. குழாய்த் துண்டில் அதே கோயாக்ஸைப் பன்னிரண்டு சுற்று சுற்றினால் அதுவே சோக். நாலு மீட்டர் கேபிளுக்குச் சற்று அதிகமாகும். கேபிளின் வெளிப்புறத்தில் ரேடியோ அலை ஓடிவந்து பக்கத்து வீட்டு டி.வி.யில் புகுவதைப் பெருமளவு தடுக்கும்.

இணைப்புகளைத் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பால் மூடுங்கள். சாதாரண மின்டேப்பின் பசை அக்டோபரில் உருகி வழியும், உள்ளே உப்பீரம் ஏறி செம்பு பச்சை பூத்துவிடும்.

தூக்கி நிறுத்துதல்

வேலை காலை ஆறிலிருந்து ஒன்பதுக்குள். அதன்பின் இரும்புப் பைப்பை வெறுங்கையால் தொட முடியாது, தளத்தில் செருப்பில்லாமல் நிற்கவும் முடியாது. மூன்று பேர் வேண்டும்: ஒருவர் பைப்பின் அடியைப் பிடிக்க, இருவர் கயிறு இழுக்க. பைப் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் எட்டாத தூரத்தில் மின்கம்பிகள் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் அந்த இடமே வேண்டாம்.

மாடிப்படி அறையின் கூரை தளத்திலிருந்து சுமார் 3 மீட்டர் உயரம். அதன்மேல் பைப்பை நிறுத்தி மூன்று திசையில் கயிறு கட்டினால் உச்சி 9 மீட்டருக்கு வரும். இரு கைகளுக்கும் நடுவே 120 டிகிரி கோணம் விட்டால் நுனிகள் நாலு மீட்டர் உயரத்தில் நிற்கும். ஒலிபரப்பும்போது நுனியில்தான் மின்னழுத்தம் அதிகம், துணி காயப்போட வருபவர் கை அங்கே படக்கூடாது. மாடி நீளம் 18 மீட்டராவது இருக்க வேண்டும்.

கப்பியை ஏன் வாங்கச் சொன்னேன்? பைப்பைச் சாய்க்காமல் ஆன்டெனாவை மட்டும் இறக்கி ஏற்றத்தான். நுனிக் கயிறுகளை இறுக்கி முடிச்சுப் போடாமல், ஒரு வளையத்தில் விட்டு மணல் நிரப்பிய பாட்டிலைத் தொங்கவிடுங்கள். வெயிலில் செம்பு நீள்வது ஒரு சென்டிமீட்டர்தான், அது பொருட்டல்ல. கயிறு தளர்வதையும் காற்றடியையும் பாட்டில் சமாளிக்கும்.

ஐரோப்பா நமக்கு வடமேற்கில் இருக்கிறது, ஆகவே முடிந்தால் கைகளை வடகிழக்கு, தென்மேற்காக நீட்டுங்கள். மாடி அப்படி அமையவில்லையா, கவலை வேண்டாம். இந்த உயரத்தில் திசை வேறுபாடு பெரிதாகத் தெரியாது.

அளந்து ஒடுக்குதல்

நானோ வி.என்.ஏ. என்ற சிறிய அளவுகருவி இருந்தால், எஸ்.டபிள்யூ.ஆர். (சக்தி ஆன்டெனாவிலிருந்து எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் விகிதம், 1 என்றால் ஒன்றும் திரும்பவில்லை) எந்த அலைவரிசையில் மிகக் குறைகிறது என்று பாருங்கள். 6.9 காட்டினால்: 10.5 பெருக்கல் 6.9, வகுத்தல் 7.1, விடை 10.2. ஒவ்வொரு கையிலும் 30 சென்டிமீட்டர் கூடுதல் என்று அர்த்தம். உடனே வெட்டாமல் நுனியை மடித்து ஒயரோடு சேர்த்து முறுக்கி மறுபடி ஏற்றுங்கள். 1.5க்குக் கீழே வந்துவிட்டால் போதும், அதற்குமேல் மெனக்கெடுவதைவிட நிழலில் உட்கார்ந்து மோர் குடிக்கலாம்.

இதே ஒயர் 15 மீட்டர் பட்டையிலும் ஓடும், 21 மெகாஹெர்ட்ஸ் ஏழின் மூன்று மடங்கு. ஒத்திசைவு சற்று மேலே தள்ளிப்போகும், ரேடியோவின் டியூனர் பெரும்பாலும் சரிக்கட்டும். பகலில் 15, இருட்டியபின் 40. போட்டியின் மண்டலக் கணக்கில் இந்தியா 22ஆம் மண்டலம், யார் கூப்பிட்டாலும் 'ஃபைவ் நைன், ட்வென்டி டூ' என்று ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். முதல் இரண்டு எண்கள் அவர் குரல் தெளிவாக, வலுவாகக் கேட்கிறது என்ற குறிப்பு, அடுத்தது நம் மண்டலம்.

அக்டோபர் மாலைகளில் இடிமழை திடீரென்று வரும். தூரத்தில் உறுமல் கேட்டாலே கோயாக்ஸை ரேடியோவிலிருந்து கழற்றி ஜன்னலுக்கு வெளியே போட்டுவிடுங்கள், எத்தனை பாயின்ட் போனாலும் சரி.