உவாசா சிலிப் வீட்டுக்கு வந்ததும் என்ன பார்ப்பது, யாரிடம் என்ன கேட்பது

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை மாலைகளில் இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன். உவாசா என்ற ஆண்டிறுதித் தேர்வின் முடிவு வரும் வாரம் பிள்ளைகளைவிடப் பெற்றோர்தான் அதிகம் வருவார்கள். கையில் ஒரு முடிவுத்தாள், அதாவது சிலிப், வாயில் ஒரே கேள்வி: "அண்ணே, பாஸா பெயிலா?" அந்தத் தாள் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாது. அங்கேதான் குழப்பமே தொடங்குகிறது.

நம் அப்பா அம்மா காலத்தில் எஸ்.ஆர்.பி. என்ற மூன்றாம் படிவத் தேர்வு இருந்தது (படிவம் என்பது இடைநிலைப்பள்ளி வகுப்பு). அதில் பெயிலானால் நாலாம் படிவம் கிடையாது, மறுநாள் ரப்பர் பால்வாளியைத் தூக்க வேண்டியதுதான். 1993இல் பி.எம்.ஆர். வந்தது, 2014இல் அந்த இடத்துக்கு பி.டி.3 வந்தது, 2022இல் அதையும் எடுத்துவிட்டார்கள். இப்போது படிவம் 1 முதல் 3 வரை ஆண்டு முடிவில் எழுதுவதுதான் உவாசா. கேள்விகள் பெரும்பாலும் தேர்வு வாரியத்திலிருந்து வரும், விடைத்தாளைத் திருத்துவது அந்தந்தப் பள்ளி ஆசிரியர்கள். அதனால் பக்கத்து ஊர்ப் பள்ளியில் படிக்கும் அக்கா மகனோடு ஒப்பிட்டு வீட்டில் சண்டை போடாதீர்கள், இரண்டு பள்ளியில் திருத்தும் கை ஒன்றாக இருக்காது.

சரி, தாளைப் பாருங்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் இரண்டு விஷயம் இருக்கும். ஒன்று உவாசா கிரேட்: 82 முதல் ஏ, 66 முதல் பி, 50 முதல் சி, 35 முதல் டி, 20 முதல் இ, அதற்குக் கீழே எஃப். இன்னொன்று டி.பி., அதாவது அடைவுநிலை, 1 முதல் 6 வரை. இது தேர்வு மதிப்பெண்ணே இல்லை. ஆண்டு முழுக்க வகுப்பில் பிள்ளை செய்த வேலை, பயிற்சி, வாய்மொழிப் பதில் எல்லாவற்றையும் பார்த்து ஆசிரியர் கொடுக்கும் நிலை. டி.பி. 3 என்றால் குறைந்தபட்சம் எட்ட வேண்டியதை எட்டிவிட்டான் என்று பொருள். ஆறுக்கு மூன்று, பாதிதானா என்று முதுகில் ஒன்று வைத்த அப்பாவை எனக்குத் தெரியும்.

முதலில் பெயர், அடையாள அட்டை எண், பாடங்கள் எல்லாம் சரியா என்று பாருங்கள். சின்ன வேலைதானே என்று விடாதீர்கள். என் மகளுக்கு ஒரு தடவை அறிவியலில் டி.எச். என்று வந்தது, அதாவது தேர்வுக்கே வரவில்லையாம். அவள் எழுதிய தாள் வீட்டில் இருந்தது! அதை எடுத்துக்கொண்டு போய்க் காட்டினோம், யாரோ தட்டச்சில் மாற்றிப் போட்டிருக்கிறார்கள். திருத்தி வர இரண்டு வாரம் ஆனது.

அடுத்து, டி.பி.யும் கிரேடும் ஒன்றுக்கொன்று ஒத்துப் போகிறதா என்று பாருங்கள். டி.பி. 5, உவாசா டி என்று இருந்தால் வகுப்பில் நன்றாகச் செய்யும் பிள்ளை தேர்வுத் தாளில் தடுமாறுகிறது. டி.பி. 2, உவாசா பி என்றால் பெரும்பாலும் பயிற்சியை ஒழுங்காக அனுப்பாத பிள்ளை, அல்லது வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை. இரண்டும் மோசமாக இருந்தால் அடிப்படையிலேயே ஓட்டை, டியூசனுக்குப் பணம் கட்டும் முன் எந்த ஆண்டுப் பாடத்திலிருந்து விட்டுப்போனது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

முதல் வகைதான் நம் பிள்ளைகளிடம் நான் அதிகம் பார்ப்பது, தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்தவர்களிடம் இன்னும் அதிகம். ஆறு வருடம் கணிதமும் அறிவியலும் தமிழில் படித்துவிட்டு திடீரென்று எல்லாம் மலாயில் வருகிறது. பின்னம் தெரியும், பெச்சாஹான் என்றால் முழிப்பான். பரப்பளவு கண்டுபிடிப்பான், லுவாஸ் என்று கேட்டால் சுற்றளவைப் போட்டு வைப்பான். அடர்த்தி கெதும்பாத்தான் ஆகிவிடுகிறது, கனஅளவு இசிபாடு ஆகிவிடுகிறது. இவனைக் கணக்கு வராதவன் என்று முடிவு கட்டிவிட்டால் தீர்ந்தது கதை.

கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது, காசு செலவில்லை. விடைத்தாளைக் கேட்டு வாங்குங்கள், கொடுக்காவிட்டால் கேள்வித்தாளாவது பிள்ளையிடம் இருக்கும். தவறாகச் செய்த ஐந்து கேள்விகளை எடுத்து, ஒவ்வொன்றையும் நீங்களோ மூத்த பிள்ளையோ தமிழில் சொல்லுங்கள். வழியைக் காட்டாதீர்கள், கேள்வியை மட்டும். இப்போது மூன்றைச் சரியாகச் செய்துவிட்டால் பாடம் தெரிகிறது, மொழிதான் மறிக்கிறது. அந்தப் பிள்ளைக்குக் கணித டியூசனைவிட ஒரு சின்ன நோட்டு உதவும்: ஒரு பக்கம் மலாய்ச் சொல், எதிரே தமிழ்ச் சொல், நாளுக்கு ஐந்து. ஐந்தும் தவறு என்றால் பாடத்தையே மறுபடி தொடங்குங்கள்.

அப்புறம் ஆசிரியரைப் பாருங்கள். "என் பிள்ளை எப்படி சிக்கு (ஆசிரியரே)?" என்று கேட்டால் "ஓகே லா, கெனா உசாஹா லாகி", அதாவது பரவாயில்லை, இன்னும் முயற்சி வேண்டும் என்றுதான் பதில் வரும், அதைக் கேட்க ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டுப் போக வேண்டாம். "டி.பி. 3இலிருந்து 4க்குப் போக இவன் எதைச் செய்து காட்ட வேண்டும்?" என்று கேளுங்கள். பாடத்திட்ட ஆவணத்தில் ஒவ்வொரு நிலைக்கும் விளக்கம் எழுதியிருக்கிறது, ஆசிரியரால் சொல்ல முடியும். கேட்கும்போது மரியாதையாகக் கேளுங்கள், நாற்பது பிள்ளைகளைச் சமாளிக்கும் மனிதர். வகுப்பு வாட்சாப் குழுவில் மட்டும் மதிப்பெண்ணைப் போட்டுக் கேட்காதீர்கள், பிள்ளை மறுநாள் பள்ளிக்குப் போக வேண்டும்.

எல்லாப் பாடத்துக்கும் ஒரே நேரத்தில் ஓட முடியாது என்றால் மலாய்மொழியையும் வரலாற்றையும் முதலில் பிடியுங்கள். ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வின் சான்றிதழ் கிடைக்க இந்த இரண்டிலும் தேர்ச்சி கட்டாயம், வரலாறு 2013இலிருந்து. மற்ற பாடத்தில் எட்டு ஏ இருந்தாலும் இதில் விழுந்தால் சான்றிதழ் இல்லை. வரலாற்றில் இ, எஃப் வருவதை "மனப்பாடப் பாடம்தானே, அப்புறம் பார்க்கலாம்" என்று தள்ளிப் போடுவது நம் ஊர் வழக்கம்.

படிவம் 3 என்றால் இன்னொரு வேலை இருக்கிறது. நாலாம் படிவத்தில் எந்தப் பாடங்கள் என்று பள்ளி பிரிக்கும்போது உங்களையும் கேட்கச் சொல்லுங்கள். கூடுதல் கணிதம் வேண்டுமா, கணக்கியல் வேண்டுமா என்பதைப் பிள்ளையின் நண்பன் முடிவு செய்யக் கூடாது. தொழிற்கல்விக் கல்லூரி, அதாவது கொலேஜ் வொகேஷனல், படிவம் 3 முடிந்தே சேரலாம், டிப்ளோமா வரை போகலாம். தோட்டத்தில் சிலர் அதை "படிக்காதவன் போகும் இடம்" என்பார்கள், கேட்டுக்கொண்டு நில்லாதீர்கள். விண்ணப்பம் எல்லாம் இணையத்தில்தான், தேதி போனால் போனதுதான்.

தமிழில் நல்ல கிரேடு வாங்கிய பிள்ளைக்குப் பள்ளியில் தமிழ் வகுப்பே இல்லையென்றால், 15 மாணவர்களின் பெற்றோர் சேர்ந்து கேட்கலாம், 1996 கல்விச் சட்டத்தில் அதற்கு இடம் உண்டு. எழுத்தில் கேளுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

சிலிப்பை அலமாரி மேல் வீசாதீர்கள். கைப்பேசியில் ஒரு படம் எடுத்துவிட்டு, பிறப்புப் பத்திரம் இருக்கும் அதே பிளாஸ்டிக் உறையில் போடுங்கள். ஓட்டப்பந்தயச் சான்றிதழ், சாரணர் சான்றிதழ் இருந்தால் அதுவும் அதே உறைக்குள், புறப்பாட மதிப்பீட்டையும் பார்க்கிறார்கள்.