“ஏன் ஓடிப்போகவில்லை?”: காதல் சோக நாடகம் எழுதப் புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு செய்முறை

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களில் கோயில் திருவிழாவுக்கு நாடகம் போட விரும்பும் இளைஞர்கள் கொண்டுவந்து காட்டும் எழுத்துப்படிகளில், பெரும்பாலும் ஒரே கதைதான் இருக்கிறது. மீசையை முறுக்கும் தந்தை, அழுதுகொண்டே இருக்கும் மகள், கடைசிக் காட்சியில் ஒரு மருந்துப் புட்டி. காதலர் இருவரும் சாகிறார்கள். ஆனால் பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் அதற்கு முன்பே பந்தலுக்கு வெளியே கச்சான் (கடலை) வாங்கப் போய்விடுகிறார்கள். சாவு இருந்தும் இறுக்கம் இல்லை. அதற்குக் காரணம் நடிகர்களோ ஒலிபெருக்கியோ அல்ல. “இந்தப் பிள்ளைகள் ஏன் ஓடிப்போகவில்லை?” என்று முன்வரிசையில் இருக்கும் ஒரு பாட்டி கேட்டால், அதற்கு நாடகத்தில் பதில் இல்லை என்பதே காரணம்.

காட்சி, பாத்திரம், உரையாடல் என்றால் என்னவென்று தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அவற்றை இங்கே விளக்கப்போவதில்லை. நாற்பது நிமிட மேடை நாடகம் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: இரண்டு பக்கமும் நியாயம் இருக்கட்டும்

எடுத்துக்காட்டுக்கு ஒரு கதையை அமைத்துக்கொள்வோம். காலம் 1969. வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1968இல் வந்த பிறகு, குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்யப் பெர்மிட் பெற வேண்டியிருந்தது. குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்த தோட்டத் தொழிலாளர்கள் பல்லாயிரம் பேர் தமிழ்நாட்டுக்குக் கப்பலேறினார்கள். நம் நாயகன் மாணிக்கத்திடம் இருப்பதும் அந்தச் சிவப்புக் கார்டுதான்; அவனுடைய பெர்மிட் மாதக் கடைசியில் முடிகிறது. அவன் விரும்பும் பூங்கொடி, தண்டலின் (தொழிலாளர்களை மேற்பார்க்கும் தலைவரின்) மகள், ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்குப் போகிறவள்.

தண்டல் இந்தக் காதலை ஏன் எதிர்க்கிறார்? சாதி, பணம், கௌரவம் ஆகிய மூன்றில் ஒன்றை எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவது எளிது. அவை பொய்யும் அல்ல. ஆனால் அப்படி எழுதினால், எதிர்ப்பவர் தவறு, காதலர் சரி என்று முதல் ஐந்து நிமிடத்திலேயே தீர்ப்பாகிவிடுகிறது. தீர்ப்பு வந்த வழக்கை யாரும் உட்கார்ந்து கேட்பதில்லை. எனவே தண்டலுக்கு அசைக்க முடியாத ஒரு நியாயத்தைக் கொடுங்கள். 1943இல் சயாம் ரயில் பாதை போட ஜப்பானியர் தோட்டங்களில் ஆள்பிடித்தபோது, அவருடைய அக்காள் கணவரும் லாரியில் ஏற்றப்பட்டார்; திரும்பவில்லை. தாலியைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமலே அந்த அக்காள் கிழவியாகி, அதே லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) அடுத்த வீட்டில் இருக்கிறாள். எந்த நாளும் பிடுங்கிப் போகப்படக்கூடிய ஒருவனுக்குத் தன் மகளைக் கொடுக்கத் தண்டல் அஞ்சுகிறார். இப்போது அவரை வில்லன் என்று யாரும் சொல்ல முடியாது. எந்தப் பக்கம் சாய்வது என்று பார்ப்பவர் தடுமாறத் தொடங்கும் இடமே மோதல் தொடங்கும் இடம்.

இரண்டாம் படி: தப்பிக்கும் வாசல்களை ஒவ்வொன்றாக அடைத்துவிடுங்கள்

நாடகம் நிற்பதும் விழுவதும் இந்தப் படியில்தான் என்பதால் இதில் சற்று நேரம் செலவிடுவோம். ஒரு நோட்டுப் புத்தகத்தில், காதலர்கள் தப்பிக்கக்கூடிய எல்லா வழிகளையும் எழுதுங்கள். மூளைக்கு எட்டிய வழிகள் மட்டும் போதாது, உங்கள் அத்தையிடம் கதையைச் சொல்லி, “நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?” என்று கேளுங்கள். கதை எழுதாதவர்களுக்குத்தான் தப்பிக்கும் வழி சட்டென்று தெரியும்.

மாணிக்கத்துக்கும் பூங்கொடிக்கும் என்னென்ன வழிகள் உண்டு? வேறு தோட்டத்துக்கு ஓடலாம். ஆனால் பெர்மிட் முடிந்தவனை அங்கேயும் வேலையில் சேர்க்க மாட்டார்கள். அவள் அவனோடு கப்பலேறலாம். ஆனால் லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம், வேலை செய்கிறவர் இருக்கும்வரைதான் குடும்பத்துக்கு வீடு. தண்டல் இவ்வாண்டு ஓய்வு பெறுகிறார். தம்பி இன்னும் தமிழ்ப்பள்ளியில் படிக்கிறான். பூங்கொடி பேர் பதிந்து வேலை செய்தால்தான் நான்கு பேருக்குக் கூரை. அவள் போனால் எல்லாரும் சடக்கில் (சாலையில்) நிற்க வேண்டும்.

கவனியுங்கள், முதல் வாசலைச் சட்டம் அடைத்தது, இரண்டாம் வாசலைத் தோட்ட வாழ்க்கையின் அமைப்பு அடைத்தது. இவை இரண்டும் வெளியிலிருந்து வந்த அடைப்புகள். இவற்றை மட்டும் வைத்து எழுதினால் நாடகம் சோகமாக இருக்கும், ஆனால் துடிக்காது. அரசு சுற்றறிக்கையை யாரோ அழுதுகொண்டே வாசிப்பதைப் போலத்தான் இருக்கும்.

மூன்றாம் வாசலைப் பாருங்கள். சிவப்புக் கார்டுக்காரன் நாட்டை விட்டுப் போயே தீர வேண்டும் என்பதில்லை. வேலை செய்யத்தான் முடியாது. ஆகவே மாணிக்கம் வேலையில்லாமல் இங்கேயே தங்கலாம், பூங்கொடியின் சம்பளத்தில் இருவரும் வாழலாம். அவளே இதைச் சொல்கிறாள். சட்டம் தடுக்கவில்லை, தண்டல்கூட அரை மனத்தோடு தலையசைக்கக்கூடும். இந்த வாசலை அடைப்பவன் மாணிக்கமே. பிள்ளையாக இருந்தபோது பிறர் வீட்டுத் திண்ணையில் சோற்றுக்காகக் காத்திருந்தவன் அவன். ஒரு பெண் விடியலுக்கு முன் எழுந்து பால் வெட்டிச் சம்பாதிக்க, தான் லயத்துப் படியில் உட்கார்ந்திருக்கும் காட்சியை அவனால் தாங்க முடியாது. எந்த ரோஷத்தைப் பார்த்து அவள் அவனை விரும்பினாளோ, அந்த ரோஷமே அவர்களைப் பிரிக்கிறது. வெளியிலிருந்து இரண்டு வாசல் அடைபட்டால், உள்ளிருந்து ஒரு வாசலாவது அடைபட வேண்டும் என்பது என் கணக்கு. கடைசியில் அடைபடுவது உள்வாசலாக இருப்பது நல்லது.

மூன்றாம் படி: ஆபத்தை அரங்குக்கு முன்னதாகவே சொல்லிவிடுங்கள்

முடிவை மறைத்து வைத்தால்தான் இறுக்கம் கூடும் என்று புதியவர்கள் நினைக்கிறார்கள். ஷேக்ஸ்பியரின் ‘ரோமியோ ஜூலியட்’ நாடகத்தின் தொடக்கத்திலுள்ள 14 வரி முன்னுரை, காதலர் இருவரும் சாவார்கள் என்பதை அப்பட்டமாகச் சொல்லிவிடுகிறது. என்ன நடக்கும் என்ற கேள்வி அங்கேயே தீர்ந்துபோவதால், எங்கே தவறப்போகிறார்கள் என்ற பதற்றம் மட்டுமே எஞ்சுகிறது.

நம் அம்பிகாபதி கதை இதைவிடக் கூர்மையானது. சிற்றின்பம் கலவாமல் 100 பாடல் பாடினால் அமராவதி அவனுக்கு, தவறினால் தலை போகும் என்பது சோழன் வைத்த நிபந்தனை. அவள் மறைவில் இருந்து எண்ணுகிறாள். காப்புச் செய்யுளையும் சேர்த்து எண்ணிவிட்டதால் 99இலேயே நூறும் முடிந்ததென்று வெளியே வருகிறாள். அவளைக் கண்டதும் அவன் அவளைப் பாடுகிறான். இந்தக் கதை தலைமுறை தலைமுறையாக நிற்பதற்குக் காரணம், எல்லாருக்கும் தெரிந்த ஓர் எண் அதில் ஓடிக்கொண்டிருக்கிறது. வாளை இறக்குவது அரசனாக இருந்தாலும், பிழை பிறப்பது அவளுடைய ஆவலில்தான். உங்கள் நாடகத்திலும் அப்படி எண்ணக்கூடிய ஒன்றை வையுங்கள். நம் கதையில் அது கப்பல் புறப்படும் வெள்ளிக்கிழமை. பினாங்கிலிருந்து நாகப்பட்டினம் போகும் ரஜூலா கப்பலின் பெயரை முதல் காட்சியிலேயே சொல்லிவிட்டால், அந்தக் காலத்தை அறிந்த பெரியவர்கள் அரங்கில் நிமிர்ந்து உட்காருவார்கள்.

நான்காம் படி: அன்பே முடிச்சை இறுக்கட்டும்

நடுப்பகுதி தொய்வது எல்லா எழுத்துப்படிகளிலும் காணப்படும் நோய். அங்கே புதிய எதிரியைக் கொண்டுவராதீர்கள். காதலைக் காப்பாற்ற ஒருவர் செய்யும் செயலே காதலைக் கெடுக்கும்படி அமையுங்கள். ரோமியோ செய்வதும் இதைத்தான்: இரகசியத் திருமணம் முடிந்த கையோடு, மனைவியின் உறவினன் என்பதால் டிபால்ட்டுடன் சண்டையிட மறுக்கிறான், அதைக் கோழைத்தனம் என்று எண்ணி வாளெடுத்த நண்பனை விலக்கக் குறுக்கே பாய்கிறான், அவன் கைக்குக் கீழாகவே நண்பன் குத்துப்படுகிறான். அதுவரை ஏறக்குறைய இன்பியல் நாடகமாகவே ஓடிய கதை அந்தச் சமாதான முயற்சியில்தான் கவிழ்கிறது.

நம் தண்டலை இதற்குப் பயன்படுத்துவோம். மகளின் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல், யாருக்கும் சொல்லாமல் துரையிடம் (தோட்ட நிர்வாகியிடம்) போய் மாணிக்கத்துக்காகப் பேசுகிறார். புதிய பெர்மிட் கடிதம் புதன்கிழமை ஆபீஸுக்கு வருகிறது. கிராணி (ஆபீஸ் எழுத்தர்) அதைத் தண்டலிடம் கொடுக்கிறார். நல்ல செய்தி எதுவாக இருந்தாலும் எல்லாரும் கூடியிருக்கும்போது உரக்கச் சொல்வதில் தண்டலுக்கு ஆசை என்பதை முதல் காட்சியில், தொழிலாளர்கள் காலையில் கூடும் பெரட்டுக் களத்திலேயே காட்டிவிட வேண்டும். எனவே மாணிக்கம் அடுத்த கப்பலில்தான் போவான் என்று நம்பி, கடிதத்தைச் சட்டைப்பையில் மறைத்துக்கொண்டு, சனிக்கிழமைத் திருவிழாவில் ஊரறியச் சொல்லலாம் என்று காத்திருக்கிறார். அந்தப் பக்கம், திருவிழாக் கூட்டத்தில் எல்லாருடைய இரக்கத்துக்கும் ஆளாக விரும்பாத மாணிக்கம், வெள்ளிக்கிழமைக் கப்பலையே பிடிக்க வியாழக்கிழமை இரவு ரயிலில் புறப்பட முடிவு செய்கிறான். தந்தை கலங்குவாரே என்று பூங்கொடி அதை அவரிடம் சொல்லவில்லை. ஒரே வீட்டில் இரண்டு இரகசியங்கள், இரண்டும் அன்பினால் காக்கப்படுபவை, ஒன்றையொன்று கொல்பவை. இரண்டையும் அறிந்தவர்கள் பார்ப்பவர்கள் மட்டுமே. குறித்த நாளுக்குள் நேரில் கையெழுத்திடாவிட்டால் பெர்மிட் செல்லாது என்று நாடகத்துக்குள் ஒரு விதியை வைத்துவிட்டால், கடிதம் பின்னால் போய்ச் சேர்ந்தாலும் பயனில்லை.

தற்செயல் நிகழ்ச்சிகளைப் பற்றி ஒரு சொல். தற்செயலாக ஆபத்து கூடலாம். தற்செயலாக ஆபத்து நீங்கவே கூடாது. மழையினால் பால்வெட்டு நின்று, தண்டல் அன்று வீட்டிலேயே இருந்து, மகளோடு தனியாகப் பேச வாய்ப்புக் கிடைத்தும் இருவரும் சொல்லாமல் விடுகிறார்கள் என்றால், அந்த மழை நல்ல மழை.

ஐந்தாம் படி: உரையாடலில் கத்தியை ஆழமாக வைக்காதீர்கள்

ரப்பர் மரத்தின் பட்டையை மெல்லியதாகச் சீவினால் பால் வடியும். கத்தி மரத்தைத் தொட்டுவிட்டால் காயம்தான் மிஞ்சும். உரையாடலுக்கும் அதே அளவுதான். “என் மகளை உனக்குத் தர மாட்டேன், ஓடிப் போ” என்று தண்டல் முழங்கிவிட்டால், அதற்குப் பிறகு அவருக்குச் சொல்ல ஒன்றுமில்லை. அவர் அவனுக்குச் சோறு போடட்டும்.

தண்டல்: சாப்பிடுங்க தம்பி. பெர்மிட்டு எப்ப முடியுது?

மாணிக்கம்: மாசக் கடைசிங்கய்யா.

தண்டல்: எங்க மச்சானும் மாசக் கடைசியில வந்துடுறேன்னுதான் சொல்லிட்டுப் போனாரு. பூங்கொடி, தம்பிக்கு இன்னும் கொஞ்சம் கொழம்பு ஊத்து.

மறுப்பு முழுவதும் இதில் இருக்கிறது. குரல் உயரவே இல்லை. அடுத்த வீட்டிலிருக்கும் தண்டலின் அக்காள் அதே நேரத்தில் வாசலைக் கடந்து போனால், அவள் எதுவும் பேசத் தேவையில்லை. குரல் உயரும் காட்சி நாடகத்தில் ஒன்றே ஒன்று இருக்கட்டும், அதுவும் தண்டலுக்கும் மாணிக்கத்துக்கும் இடையே இல்லாமல் காதலர் இருவருக்கும் இடையே இருக்கட்டும். “உன் ரோஷத்துக்கு முன்னால நான் ஒரு கணக்கே இல்லையா?” என்று அவள் கேட்பதே உச்சம்.

கருவிகள்

வாசல் பட்டியலையும் நாள் கணக்கையும் பள்ளிக்கூட நோட்டில் பென்சிலால் எழுதுங்கள். அடித்து மாற்றுவது அங்கேதான் எளிது. உரையாடலைக் கைப்பேசியில் தட்டச்சு செய்யத் தொடங்கினால் வரிகள் குறுஞ்செய்தி போலச் சுருங்கிவிடுகின்றன என்பது என் பிடிவாதமான கருத்து. செம்மைப்படியைக் கணினியில் முரசு அஞ்சல் கொண்டு அடிக்கிறேன்; நம் நாட்டிலேயே பிறந்த மென்பொருள் என்ற பாசமும் அதில் உண்டு. அடித்து முடித்ததும் நான்கு பேரை உட்கார வைத்து உரக்க வாசிக்கச் செய்து கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். வாசிப்பவரே அடுத்த பக்கத்தை அவசரமாகப் புரட்டும் இடம் எது, தண்ணீர் குடிக்க நிறுத்தும் இடம் எது என்று பதிவில் கேட்கும். பின்னணி இசையை இந்தக் கட்டத்தில் சேர்க்கவே கூடாது. வயலின் எந்த ஓட்டையையும் மூடிக் காட்டிவிடும்.

பிற்சேர்க்கை: வாசகர் கேள்விகள் இரண்டு

கடைசியில் யாரும் சாகவில்லையே, இது சோக நாடகமாகுமா என்று கேட்டிருந்தார்கள். சனிக்கிழமை மேடையேறித் தண்டல் கடிதத்தைப் பிரித்து அவன் பெயரை உரக்க அழைக்கிறார். கூட்டத்தில் அவன் இல்லை. பூங்கொடிக்கு மட்டும் காரணம் தெரியும். இதற்கு மேல் ஒரு பிணம் தேவையில்லை. மருந்து குடிக்கும் முடிவை நான் பரிந்துரைப்பதே இல்லை. நம் தோட்டங்களில் அது மேடைக்கு வெளியேயும் நடந்திருக்கிறது, பார்ப்பவர்களில் அந்த வீட்டுக்காரரும் இருக்கக்கூடும்.

மற்றொருவர், தங்கள் தோட்டம் ரப்பரிலிருந்து செம்பனைக்கு (எண்ணெய்ப் பனைக்கு) மாறிவிட்டது, கதையை இன்றைய காலத்துக்குக் கொண்டுவந்தால் கைப்பேசி வந்து எல்லா முடிச்சையும் அவிழ்த்துவிடுகிறதே என்று எழுதியிருந்தார். சிக்னல் கிடைக்கவில்லை, மின்கலம் தீர்ந்துவிட்டது என்று தப்பிக்காதீர்கள். அரங்கில் யாரும் நம்ப மாட்டார்கள். செய்தி போய்ச் சேரட்டும். அவள் படித்துவிட்டதற்கான நீலக் குறியும் அவன் திரையில் தெரியட்டும். அப்பா எதிரில் உட்கார்ந்திருப்பதால் அவளால் பதில் எழுத முடியவில்லை என்பதைப் பார்ப்பவர்கள் அறிவார்கள், அவன் அறியமாட்டான். 1969இல் சட்டைப்பையில் இருந்த கடிதம் செய்த வேலையை அந்த நீலக் குறி செய்துவிடும். வாசல் பட்டியலை மட்டும் இன்றைய சட்டத்துக்கும் இன்றைய வீட்டுப் பிரச்சினைக்கும் ஏற்ப முதலிலிருந்து எழுத வேண்டியிருக்கும்.