கன்டெய்னருக்குள் இருந்தபடியே ஹோஸ்ட் கணினியின் லாகுகளைத் திரட்டுவது எப்படி?

லாக் (கணினி தன் நிகழ்வுகளை எழுதிவைக்கும் பதிவு) திரட்டும் நிரலையும் ஒரு கன்டெய்னராகவே (மற்றவற்றிலிருந்து பிரித்து ஓடும் நிரல் தொகுப்பு) ஓடவிடுவது பராமரிப்புக்கு எளிது. ஆனால் கன்டெய்னருக்கென்று தனிக் கோப்பு முறைமை இருப்பதால், இயங்குதளத்தின் மையமான கர்னலின் எச்சரிக்கைகள், எஸ்எஸ்எச் வழியான தொலைநிலை நுழைவு முயற்சிகள், வட்டுப் பழுதுகள் போன்ற, அதை ஓட்டும் கணினியான ஹோஸ்டின் செய்திகள் அதற்குத் தெரிவதில்லை. உடனே, ஹோஸ்டின் மீது ஏறத்தாழ முழு உரிமை தரும் 'பிரிவிலெஜ்ட்' முறைக்குத் தாவ வேண்டியதில்லை. லாகுகள் கோப்புகளே; அவற்றைப் படிக்க மட்டும் அனுமதி கொடுத்தால் போதும், முழு ஹோஸ்டையும் திறந்துவிடுவது ஆபத்தான சோம்பல் என்பதே என் உறுதியான கருத்து.

முதலில் லாக் எங்கே இருக்கிறது என்று ஹோஸ்டில் பாருங்கள். சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி உள்ள லினக்ஸில், '/வார்/லாக்/ஜர்னல்' அடைவு இருந்தால் அதன் லாக் தொகுப்பான ஜர்னல் அங்கே நிலையாகச் சேமிக்கப்படும். இல்லையென்றால் '/ரன்/லாக்/ஜர்னல்' அடைவில் தற்காலிகமாக இருந்து, மறுதொடக்கத்தில் அழிந்துவிடும். உங்கள் சர்வர் இரண்டாவது வகை என்றால், முதல் அடைவை உருவாக்கி ஜர்னலை எழுதும் ஜர்னல்டி சேவையை மீண்டும் தொடங்கிவிட்டு மேலே செல்லுங்கள்.

அந்த அடைவைக் கன்டெய்னருக்குள் அதே பாதையில், 'படிக்க மட்டும்' என்ற நிபந்தனையுடன் மவுன்ட் செய்ய (இணைத்துக் காட்ட) வேண்டும். கூடவே கணினியின் அடையாளம் உள்ள '/இடிசி/மெஷின்-ஐடி' கோப்பையும் அதே முறையில் மவுன்ட் செய்யுங்கள். பலர் தடுமாறும் இடம் இதுதான். ஜர்னல் கோப்புகள் ஹோஸ்டின் 32 எழுத்து அடையாளத்தைப் பெயராகக் கொண்ட துணை அடைவில் இருக்கின்றன. கன்டெய்னரில் வேறு அடையாளம் இருந்தாலோ அடையாளமே இல்லாவிட்டாலோ, கோப்புகள் கண்ணெதிரே இருந்தும் ஜர்னலைப் படிக்கும் ஜர்னல்சிடிஎல் கட்டளை ஒரு வரியும் காட்டாமல் திரும்பும். அடைவைச் சுட்டும் '-டி' (பெரிய எழுத்து D) விருப்பத்தைக் கொடுத்தால் இந்தச் சிக்கல் எழாது.

கன்டெய்னர் ரூட் (முழு உரிமை கொண்ட நிர்வாகி) அல்லாத பயனராக ஓடினால், ஹோஸ்டின் 'சிஸ்டம்டி-ஜர்னல்' குழுவில் அதைச் சேர்க்க வேண்டும். குழுவின் பெயரை அல்ல, எண்ணைக் கொடுங்கள். ஏனெனில் அந்த எண் ஒவ்வொரு லினக்ஸ் வெளியீட்டிலும் ஒன்றாக இருப்பதில்லை.

அடுத்தது பதிப்புப் பொருத்தம். 2020இல் வந்த சிஸ்டம்டி 246 ஜர்னல் கோப்பின் வடிவத்தை மாற்றியது. 2022இல் வந்த 252இலும் ஒரு மாற்றம் உண்டு. ஹோஸ்ட் புதியதாகவும் கன்டெய்னரை உருவாக்கப் பயன்படும் அச்சான இமேஜ் பழையதாகவும் இருந்தால் கோப்பைத் திறக்க முடியாது. ஆல்பைன் என்ற சிறிய லினக்ஸின் இமேஜில் ஜர்னல்சிடிஎல் இருக்காது. ஆகவே ஹோஸ்டுக்கு இணையான டெபியன் இமேஜை எடுத்து, அதில் சிஸ்டம்டி தொகுப்பை நிறுவிக்கொள்வது நல்லது.

சிஸ்லாக் போன்ற உரைக் கோப்புகளைப் படிப்பதானால், ஒற்றைக் கோப்பை மவுன்ட் செய்யாமல் அடைவையே மவுன்ட் செய்யுங்கள். லாகுகளைச் சுழற்றும் லாக்ரொட்டேட் நிரல் பழைய கோப்பின் பெயரை மாற்றிப் புதியதை உருவாக்கும்போது, ஒற்றைக் கோப்பு மவுன்ட் பழையதையே பிடித்துக்கொண்டிருக்கும்.

நேர வேறுபாட்டைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பெரும்பாலான இமேஜ்கள் யுடிசி (உலகப் பொது நேரம்) நேரத்தில் ஓடுகின்றன. சிங்கப்பூர் 1982 முதல் அதைவிட 8 மணி நேரம் முன்னே இருக்கிறது. ஜர்னல் நேரத்தை யுடிசியிலேயே சேமிப்பதால் தரவு பிழையாகாது. காட்டப்படும்போதுதான் குழப்பம் வரும். நேர மண்டலத்தை 'ஏஷியா/சிங்கப்பூர்' என்று கொடுத்தும், இமேஜில் நேர மண்டல விவரங்கள் கொண்ட டிஇசட்டேட்டா தொகுப்பு இல்லையென்றால் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் யுடிசியே தொடரும். கடுமையான தொழில்நுட்பச் சம்பவம் ஒன்றைக் கண்டறிந்த 1 மணி நேரத்துக்குள் சிங்கப்பூர் நாணய ஆணையத்துக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்ட வங்கியில், 'அதிகாலை 2 மணி' என்பது எந்த நேரத்தைக் குறிக்கிறது என்று பொறியாளர்கள் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. சேமிப்பதும் அனுப்புவதும் யுடிசியில், காட்டுவது மட்டும் உள்ளூர் நேரத்தில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

லாகுகளில் பயனர் பெயர்களும் ஐபி முகவரிகளும் இருப்பதால், சிங்கப்பூரின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் மனத்தில் வைத்து, தேவையான சேவைகளின் வரிகளை மட்டும் வடிகட்டி அனுப்புங்கள்.

கடைசியாகச் சோதனை. ஹோஸ்டில், லாகில் எழுதும் 'லாகர்' கட்டளையால் ஒரு தனித்த சொல்லை எழுதி, கன்டெய்னருக்குள் அதைத் தேடுங்கள். கிடைத்தால், கன்டெய்னரை நிறுத்தி நீக்கி, ஹோஸ்டில் இன்னொரு சொல்லை எழுதிவிட்டு மீண்டும் உருவாக்கித் தொடங்குங்கள். இடைவேளையில் எழுதிய சொல் வந்து சேராவிட்டாலோ பழைய வரிகள் இரண்டாம் முறை வந்தாலோ, படித்து முடித்த இடத்தைக் குறிக்கும் கர்சர் கோப்பு கன்டெய்னருடன் அழிகிறதா என்று பார்த்து, கன்டெய்னர் நீக்கப்பட்டாலும் நிலைக்கும் சேமிப்பிடமான ஒரு தனி வால்யூமில் அதை வையுங்கள்.