இளங்குதிரையும் புதுச் சவாரியாளரும்: 20 மீட்டர் வட்டத்தில் தொடங்கும் டிரஸ்ஸாஜ் பயிற்சி

செட்டிநாட்டில் அய்யனார் கோயில் மண்குதிரைகளைப் பார்த்து வளர்ந்த நமக்கு, குதிரை என்றாலே நிமிர்ந்து வளைந்த கழுத்துதான் நினைவுக்கு வருகிறது. அதனால்தான் பலர் முதல் நாளிலேயே கடிவாள வாரை இழுத்து இளங்குதிரையின் கழுத்தை வளைக்கப் பார்க்கிறார்கள். குதிரையைச் சீரான, கட்டுப்பட்ட அசைவுகளுக்குப் பழக்கும் சவாரிக் கலையான டிரஸ்ஸாஜில் அந்த வளைவு கடைசியில் வருவது. பின்னங்கால்கள் வயிற்றுக்கு அடியில் எட்டி ஊன்றி, முதுகு உயர்ந்த பிறகு கழுத்து தானாகவே வளையும்.

முதலில் தரை. நம் சரளைச் செம்மண் கோடையில் பாறையாக இறுகிவிடும், வெடித்த கண்மாய்த் தரையிலோ கால் பிசகும். ஆகவே மணல் பரப்பிய இடமே வேண்டும். நடுவில் முளை அடித்து, 10 மீட்டர் கயிறு கட்டி, சுண்ணாம்புத் தூளால் வட்டம் போடுங்கள். 20க்கு 40 மீட்டர் களம் தொடக்கத்துக்குத் தாராளம்.

அடுத்து, ஆள் ஏறாமல் பழக்குதல். மூன்று வயதுக்கு முன் முதுகில் ஏறவே கூடாது. முதுகெலும்பின் வளர்ச்சி நிறைவடைய ஐந்து வயதுக்கு மேலும் ஆவதால், நான்கு வயது வரை பொறுப்பது மேல். அதுவரை ஏழெட்டு மீட்டர் நீளக் கயிற்றைக் கடிவாள இரும்பில் அல்லாமல் மூக்குப்பட்டையில் மாட்டி, இரு பக்கமும் சமமாக, மொத்தம் கால் மணி நேரம் சுற்றவிடுங்கள். குளம்போசையைக் காதால் எண்ணுங்கள்: நடையில் நான்கு தட்டு, டிராட் என்னும் துள்ளோட்டத்தில் இரண்டு, கேன்டர் என்னும் மிதமான பாய்ச்சலில் மூன்று. தாளம் சீராகும்வரை வேறெதுவும் கற்பிக்க வேண்டாம்.

புதுச் சவாரியாளரை இளங்குதிரையில் ஏற்றாதீர்கள். பழகிய குதிரையில், கயிறு உங்கள் கையில் இருக்க, வாரும் அங்கவடியும் இல்லாமல் அவர் உட்காரப் பழகட்டும். உட்காரும் நிலை உறுதியான பின், நடையில் மட்டும், இரு கைகளிலும் முக்கால் நிறைந்த தண்ணீர் டம்ளர்களைக் கொடுப்பது என் வழக்கம். சிந்தும் தண்ணீர், கை எவ்வளவு ஆடுகிறது என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். காகித டம்ளரே போதும், ஏனெனில் எவர்சில்வர் டம்ளர் விழுந்த சத்தத்தில் குதிரை ஒரு முறை வேலிவரை பாய்ந்துவிட்டது.

கை அடங்கிய பிறகே வாரைக் கொடுக்க வேண்டும். வட்டத்தில் சவாரியாளரின் உட்பக்கக் கால் சேணவாரின் (சேணத்தை வயிற்றோடு கட்டும் பட்டை) அருகே குதிரையை முன்னே தூண்ட, வெளிப்பக்கக் கால் சற்றுப் பின்னே இருந்து இடுப்பு விலகாமல் காக்க, வெளிப்பக்க வார் தோளைக் கோட்டில் நிறுத்தும். குதிரை பணிந்த நொடியிலேயே அழுத்தத்தைத் தளர்த்துங்கள். தாமதமானால் எதற்காகத் தளர்த்தினீர்கள் என்பது அதற்குப் புரியாது.

சித்திரை வெயிலில் காலை ஏழு மணிக்குள் முடித்து, வாரை நீளவிட்டுப் பத்து நிமிடம் நடத்துங்கள். பிறகு அந்த நடையின் சுவடுகளை மணலில் பாருங்கள். பின்குளம்பின் சுவடு முன்குளம்பின் சுவட்டைத் தாண்டி விழுந்திருந்தால் குதிரை முதுகைத் தளர்த்தி நடந்திருக்கிறது. எட்டாமல் நின்றிருந்தால் மறுநாளும் இதே வட்டம், இதே நடைதான்.