சங்கிலி நுனியை எண்ணிப் பல்பகுதியத்தின் அளவை அறிதல்

பல்பகுதியம் என்பது சிறு மூலக்கூறுகள் சங்கிலியாகத் தொடுத்த பெரு மூலக்கூறு. அதன் ஒவ்வொரு சங்கிலியிலும் நியமிக்கத்தக்க (செறிவு தெரிந்த கரைசலைச் சிறிது சிறிதாகச் சேர்த்து அளக்கத்தக்க) முனைக்கூட்டம் எத்தனை என்பது உறுதியாகத் தெரிந்தால், விலையுயர்ந்த கருவி இல்லாமலே, அளவியொன்றைக் (பியூரெட்டு) கொண்டு பல்பகுதியத்தின் எண்ணிக்கைச் சராசரி மூலக்கூற்றுத் திணிவை, அதாவது மொத்தத் திணிவைச் சங்கிலிகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பெறும் சராசரியை, கணிக்கலாம். நேர்ச்சங்கிலிப் பொலிலற்றிக் அமிலத்தில் சங்கிலிக்கு ஒரு காபொட்சிலிக் கூட்டமே உண்டு. அதன் 2.00 கிராமைக் குளோரோபோம், மெதனோல் கலவையில் கரைத்து, பினோத்தலின் காட்டியுடன் நியமிக்கும்போது 0.100 மூலர் மெதனோற் பொற்றாசியம் ஐதரொட்சைட்டு 4.00 மில்லிலீற்றர் செலவானால், அமிலம் 0.0004 மூல், ஆகவே மூலுக்கு 5000 கிராம். நைலோன் 6,6 இல் அமில, அமீன் முனைகள் இரண்டையும் தனித்தனியே அளந்து, கூட்டுத்தொகையைப் பாதியாக்க வேண்டும்.

கரைப்பானை மட்டும் தனியே நியமித்து அவ்வளவைக் கழிக்கத் தவறாதீர்கள். காரம் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை உறிஞ்சுவதால் அதன் செறிவை அன்றன்றே சரிபார்ப்பது நல்லது. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கற் கிணற்று நீரில் இருகாபனேற்று மிகுந்திருப்பதால், குடுவைகளை இறுதியாகக் காய்ச்சி வடித்த நீரில் அலசி, நன்கு உலர்த்திக்கொள்ளுங்கள். பொலிலற்றிக் அமிலச் சங்கிலியின் எசுத்தர்ப் பிணைப்பைக் காரம் உடைக்கக்கூடுமாதலால் சூடாக்காமல் விரைந்து முடிக்க வேண்டும். கலக்கிய பின்னும் நிலைக்கும் முதல் இளஞ்சிவப்பே முடிவுப்புள்ளி, அது சிறிது நேரம் கழித்து மங்கினாலும் மேலும் காரம் சேர்க்கத் தேவையில்லை.

திணிவு ஏறத்தாழ 25,000 ஐத் தாண்டினால் முனைகள் மிக ஐதாகி, ஒரு துளிப் பிழையே விடையைக் குலைத்துவிடும். கிளைத்த சங்கிலிகளுக்கும் வளையங்களுக்கும் இம்முறை பொருந்தாது.