துன்ப நாளில் நன்றி சொல்ல ஒரு சிறு வழி

துன்பத்தின் நடுவே கர்த்தருக்கு நன்றி சொல்ல நா எழாதவர்கள், தலைமாட்டில் ஒரு கொப்பியை வைத்து, உறங்கப் போகுமுன் அன்றைய வேதனையை முதலில் ஒளிக்காமல் எழுதிவிட்டு, அதன் கீழே அன்று கிடைத்த ஒரேயொரு நன்மையைக் குறித்து வையுங்கள். முறையிடுவது அவிசுவாசம் ஆகாது. 6 வசனங்களே உள்ள 13ஆம் சங்கீதத்தில் தாவீது 'எதுவரைக்கும்' என்று நான்கு தரம் கேட்ட பின்னரே துதிக்கு வருகிறார். பவுலும் 'எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்' என்றே எழுதினார் (1 தெசலோனிக்கேயர் 5:18); அதாவது, எந்த நிலைமைக்குள் இருந்தும் நன்றி சொல்லுங்கள் என்றார், அந்த நிலைமைக்காகவே நன்றி சொல்லுங்கள் என்று இங்கே சொல்லவில்லை; ஆகவே நேர்ந்த இழப்பையே நன்மை என்று சொல்லத் தேவையில்லை.

'எல்லாவற்றுக்கும் நன்றி' என்று பொதுவாக எழுதாதீர்கள். 2022இல் கொழும்பில் எரிவாயுத் தட்டுப்பாடு நிலவியபோது, கொட்டாஞ்சேனையில் நாள் முழுவதும் வரிசையில் நின்று வெற்றுச் சிலிண்டரோடு திரும்பிய இரவில் நான் எழுதியது, 'பக்கத்து வீட்டு அக்கா தன் விறகடுப்பில் எங்களுக்கும் சோறு வடித்துத் தந்தார்' என்ற ஒற்றை வரிதான். அந்த வரியை எழுதியபோதே ஜெபமும் தானாக வந்தது. எதுவுமே தோன்றாத இரவில், பழைய பக்கம் ஒன்றை வாய்விட்டு வாசியுங்கள்.