இரட்டை எஞ்சின் போட்டில் ஒன்று நின்றுவிட்டால் செய்யக்கூடாதவை

கார்த்திகை மாதம். நாகப்பட்டினத்துக்குக் கிழக்கே, கரை கண்ணில் படாத தூரத்தில் இடது எஞ்சின் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது. பதற்றத்தில் வலது எஞ்சினுக்கு முழு ரேஸ் கொடுத்தேன். போட் இடதுபக்கமாகவே வளைந்தது. அணியத்தில் (போட்டின் முன்முனையில்) இருந்த மாமா கத்தினார்: "ரேஸைக் குறைடா! இருக்குற ஒண்ணையும் கொன்னுடாத."

முதல் தவறு அதுதான். ஒன்று நின்றால் வேகம் பாதியாகும் என்று நினைக்கிறோம். அதற்கும் கீழே போய்விடும். இரண்டும் ஓடும்போது போட் தண்ணீர்மேல் எழும்பி வழுக்கிக்கொண்டு போகும். ஒன்றே இழுத்தால் எழும்பாது, தண்ணீரைப் பிளந்துகொண்டுதான் நகரும். எழும்பி ஓடுவதற்கென்று பொருத்திய விசிறி (புரொப்பெல்லர்) அப்போது எஞ்சினுக்குப் பாரம். முழு ரேஸ் கொடுத்தாலும் சுற்று ஏறாது, சூடுதான் ஏறும். அலை அமரத்தில் (போட்டின் பின்முனையில்) குவியாத அளவுக்கு ரேஸைக் குறைத்துவிட்டு, எஞ்சினைக் குளிர்வித்துப் பக்கவாட்டில் பீய்ச்சும் தண்ணீரை அடிக்கடி பாருங்கள். அது மெலிந்தால் எஞ்சின் சூடாகிறது என்று அர்த்தம்.

நின்றது ஏன் என்று பார்க்காமல் கிளம்புவதுதான் எனக்குத் தெரிந்து பெரிய தவறு. இரண்டும் ஒரே கேனில் மண்ணெண்ணெய் குடித்தால், ஒன்றை நிறுத்திய தண்ணீர் அடுத்ததையும் நிறுத்தும். அன்று எங்களுக்கு நேர்ந்தது அதுதான். மாமா கேனின் அடியில் தேங்கியதைக் கண்ணாடி பாட்டிலில் எடுத்துக் காட்டினார்: கீழே இரண்டு விரல் உயரம் தண்ணீர், மேலே எண்ணெய். நல்ல எஞ்சினின் குழாயை உடனே வேறு கேனுக்கு மாற்றினோம். விசிறியில் வலைக்கயிறு சுற்றியிருந்தால் இரண்டையும் அணைத்த பிறகே கை வையுங்கள்.

நின்ற எஞ்சினைத் தண்ணீரில் தொங்கவிட்டே வருபவர்களும் உண்டு. சுற்றாத விசிறி சும்மா இழுவைதான், தூக்கிவிடுங்கள். அமரத்தில் குவிந்திருக்கும் வலையையும் ஐஸ் பெட்டியையும் நடுவுக்கு நகர்த்துங்கள். மெதுவாகப் போகும் போட்டில் பின்னாலிருந்து வரும் அலை பின்பலகை வழியே உள்ளே ஏறும்.

"எப்படியும் நம்ம துறைக்கே போயிடுவோம்" என்ற பிடிவாதம் அடுத்தது. வாடைக் காலத்தில் காற்று வடகிழக்கிலிருந்து அடிக்கும், நீரோட்டம் தெற்கே போகும். நாகைக்கு நேரே நின்றுவிட்டுத் தரங்கம்பாடிக்குத்தான் போவேன் என்றால் இரண்டையும் எதிர்க்க வேண்டும். வழக்கமாக ஒரு மணி நேர ஓட்டம் மூன்று மணி நேரம் ஆகலாம். எண்ணெய்க் கணக்கும் அதற்கேற்பத்தான். கோடியக்கரைப் பக்கம் இன்னும் கவனம் வேண்டும், ஒதுங்கிப் போனால் எல்லைக்கோடு தூரமில்லை. ஆழம் அனுமதித்தால் நங்கூரத்தைப் போட்டுவிட்டு யோசிப்பது நல்லது. கரையில் ஒருவருக்கு முன்பே தகவல் சொல்லுங்கள். கடலோரக் காவல் படை 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093. வி.எச்.எஃப். ரேடியோ இருந்தால் 16-ஆம் சேனல். இரண்டாவது எஞ்சினும் நின்ற பிறகு சொல்லலாம் என்று தள்ளிப்போட வேண்டாம்.

ஒற்றை எஞ்சினில் போட் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும். கை தானாகத் தளரும், திசை மாறிவிடும். கரையில் ஒரு குறியைப் பார்த்துத்தான் ஓட்ட வேண்டும். நம் கரையில் மலை கிடையாது. அன்று எங்களுக்குக் குறியாக நின்றது நாகூர் தர்காவின் மனோராதான், 131 அடி. அது அணியத்துக்கு நேரே நிற்கிறதா என்று மாமா மூச்சுக்கு மூச்சு கேட்டார்.

கடைசித் தவறு முகத்துவாரத்தில். மழைக் காலத்தில் ஆற்று வெள்ளம் வேகமாக வெளியே பாயும், எதிரே அலை வரும். இரண்டும் மோதும் இடத்தில் அலை செங்குத்தாக எழும். இரண்டு எஞ்சினில் அலையோடு சேர்ந்து ஓடி உள்ளே நுழைந்துவிடலாம். ஒன்றில் அலை நம்மை முந்தும், போட்டைக் குறுக்கே திருப்பிக் கவிழ்க்கும். கடுவையாற்று வாய்க்கு வெளியே நாங்கள் கடல் மட்டம் ஏறும்வரை நங்கூரத்தில் கிடந்தோம். எனக்குக் குமட்டல், மாமா வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

உள்ளே வந்ததும் நின்ற எஞ்சின் இருந்த இடதுபக்கத்தைத் துறைச் சுவருக்குக் கொடுத்தார். வலது எஞ்சினில் லேசாக ரிவர்ஸ் போட, அமரம் தானாகச் சுவரோடு ஒட்டியது.